பொட்டாசியம் இல்லாத கீரை

பயிர் கெட்டால் மண்ணில் பயிர் செய்கிறவன் மண்ணைத் திட்டுவான். மண்ணில்லாமல் பயிர் செய்கிறவன் என்னைத்தான் திட்டுவான்.

கிள்ளானில் எனக்கு ஒரு கடை. தண்ணீரிலும் தேங்காய் நார்த்தூளிலும் செடி வளர்க்கிறவர்களுக்கு உர உப்பு கலந்து கொடுக்கிறேன். அந்தத் தூளை இங்கே எல்லாரும் கோகோ என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அதில் சத்து கிடையாது. தண்ணீரிலும் கிடையாது. செடிக்கு வேண்டிய அத்தனையும் என் பையிலிருந்துதான் போக வேண்டும். எல்லாம் மூட்டை மூட்டையாக வருகிற உப்புகள். பாதிக்கு மேல் வெள்ளை. பார்த்தால் சீனி எது, விஷம் எது என்று சொல்ல முடியாது. நிறுத்து, கலந்து, இரண்டு பையாகக் கட்டுவோம். ஒன்று ஏ, இன்னொன்று பி.

"வோம்" என்றால் நானும் ஆ செங்கும். ஆ செங் என் கடையில் வேலை செய்கிற சீனர். தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவர். என்னை விட அதிகமாகத் தமிழ் பேசுவார். அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

நீங்களும் கடை வைத்தவராக இருந்தால் மேற்கொண்டு படியுங்கள். சும்மா சாய்ந்துகொண்டு சிரிக்க வந்தவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

ஒரே வாளி

செராஸிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டு மாடியில் கோகோ போட்டு மிளகாய் வைத்திருக்கிறார். வரும்போதே கோபம். சொட்டுக் குழாய் எல்லாம் அடைத்துக்கொண்டதாம், செடி தலை தொங்கிவிட்டதாம், உரத்தில் சுண்ணாம்பு கலந்துவிட்டோமாம். போனில் படம் காட்டினார். வாளியில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. அடியில் சேறு.

ஏ பையில் கால்சியம். பி பையில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றினால் கட்டிக்கொண்டு சிமெண்ட் மாதிரி அடியில் உட்காரும். அதற்காகத்தான் இரண்டு பை. தனித்தனியாகக் கரைத்து, நிறைய தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். பையின் மேலேயே மூன்று மொழியில் அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். எந்த மொழியில் படிக்கவில்லை என்று கேட்டேன். அவர் அசரவில்லை.

"அங்கிள், எப்படியும் ரெண்டும் ஒரே செடிக்குத்தானே போகுது? வாளியிலயே கல்யாணம் பண்ணி வச்சா என்ன தப்பு?"

எடுத்துவிடச் சொன்னவர்

தினமும் வருவது இப்படித்தான். இன்னும் கொஞ்சம் போடுங்கள், காய் பெருக்க ஏதாவது சேருங்கள், பொட்டாசியம் தூக்கலாக வையுங்கள். சேர்க்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்கள். எடுத்துவிடச் சொல்லி வந்தவர் ஸ்டெல்லா ஒருவர்தான்.

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு. பால்கனியில் கோகோ பைகளில் மிளகாய், புதினா. பல வருஷமாக என்னிடம் உரம் வாங்குகிறவர். வாங்குவார், போவார். வீட்டுக் கதை பேச மாட்டார். எனக்குப் பிடித்த வகை. அன்றைக்குப் பொட்டாசியமே இல்லாமல் ஒரு செட் கலந்து தரச் சொன்னார். தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்தேன். பொட்டாசியம் இல்லாமல் மிளகாய் காய்க்காது என்றேன். மிளகாய்க்கு இல்லை, கீரைக்கு என்றார்.

கணவர் பெர்னார்ட். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கெட்டுப்போன சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளாது. இரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஏறினால் இதயம் நிற்கும். கீரையில் அது நிறைய. ஆனால் கீரை இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் அவர். ஸ்டெல்லா அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். துணியைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று கணவர் தட்டைத் தள்ளிவிட்டாராம். அப்புறம் நடக்கப் போகிறேன் என்று லிஃப்டில் இறங்கி, கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கீரைக் கூட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு முறை இல்லை, பல முறை. கடைசி முறை கடை வாசலிலேயே விழுந்தார். ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள்.

இவ்வளவையும் ஸ்டெல்லா நின்றபடியே சொன்னார். அழவில்லை.

"அடுத்த தடவை கொண்டு வர நேரம் இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இவரு நிறுத்த மாட்டாரு அண்ணே. அதான், கீரையை மாத்த முடியுமான்னு பார்க்கிறேன்."

முடியாது என்றேன்

முடியாது என்றுதான் சொன்னேன். என் மூட்டையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இலைக்குள் என்ன போய்ச் சேர்ந்தது என்று தெரியாது. தராசு தப்பினால் மிளகாய்ச் செடி சாகும், திட்டு வாங்கிக்கொள்வேன். இது ஆள். அதோடு பொட்டாசியம் இல்லாமல் செடி வளரவும் வளராது.

ஆ செங் குறுக்கே வந்தார். ஜப்பானில் இந்த மாதிரி நோயாளிகளுக்கென்று கீரை வளர்க்கிறார்களாம். முதலில் சாதாரண உரத்தில் வளர்த்து, கடைசி நாட்களில் பொட்டாசியத்தை நிறுத்திவிடுவார்களாம். வீடியோவில் பார்த்தாராம். வீடியோவில் ஆள் பறப்பதையும் காட்டுகிறார்கள் என்றேன்.

ஸ்டெல்லா போகவில்லை. மூலையில் கிடந்த கால்சியம் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ஈரம் இழுக்கிற சாமான் அது, புடவை பிசுபிசுக்கும். எழுந்திருங்கள் என்றேன். எழுந்திருக்கவில்லை. இரண்டு லோரி சரக்கு வந்து இறங்கிப் போயிற்று. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் இரண்டு விஷயம் சொன்னேன். விளைந்த கீரை லேப்புக்குப் போய் வராமல் ஒரு இலை வாய்க்குப் போகக் கூடாது. டயாலிசிஸ் நிலையத்தில் சாப்பாட்டுக் கணக்குப் பார்க்கிற டயட்டீஷியன் சரி என்று சொல்லாமல் அடுப்பில் ஏறக் கூடாது. இரண்டுக்கும் தலையாட்டினார். ஆ செங் எழுந்து போய்ப் புது வாளி எடுத்து வந்தார்.

"பாஸ், முடியாதுன்னு சொல்லிக்கிட்டே நீ தராசைத் துடைச்சிட்டு இருந்த லா. நான் பார்த்தேன்."

தனி வாளி

எங்கள் கலவையில் பொட்டாசியம் இரண்டு உப்பு வழியாக வருகிறது. நைட்ரேட் ஒன்று, பாஸ்பேட் ஒன்று. இரண்டையும் எடுத்தேன். எடுத்தால் மற்ற சத்தும் கூடவே போய்விடும். ஆகவே பாஸ்பேட்டுக்கு அமோனியம் சேர்ந்த வகையைப் போட்டேன். நைட்ரேட் குறையை மெக்னீசியத்தோடு சேர்ந்து வருகிற உப்பை வைத்து அடைத்தேன். பொட்டாசியம் இருந்த இடத்தில் சோடியம் போடலாம் என்று வீடியோவில் சொன்னார்களாம். ஆ செங் ஞாபகப்படுத்தினார். அந்த மனுஷனுக்குச் சாப்பாட்டு உப்பே ஆகாது, சோடியத்தை எங்கே போடுவது? வேண்டாம் என்றேன்.

கலக்கும் டிரம்மை எவ்வளவு கழுவினாலும் மடிப்பில் பழைய உப்பு ஒட்டியிருக்கும். அதனால் டிரம்மைத் தொடவில்லை. புது வாளி, புது கரண்டி. கையால் கலந்தேன். கீரை ஒரு சாண் வரும் வரை சாதாரண செட், அதற்குப் பிறகு இது என்று சொல்லிப் பையைக் கட்டிக் கொடுத்தேன். ஸ்டெல்லா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை வருஷமா வாங்குறேன். நீங்க கையுறை போட்டு இன்னைக்குத்தான் பார்க்கிறேன் அண்ணே."

நன்றாக வளர்ந்த கீரை

சில வாரம் கழித்து ஒரு கட்டு கீரையோடு வந்தார். அகல இலை. கரும்பச்சை. ஒரு கறை கிடையாது. பாசாரில் வைத்தால் முதலில் விற்கும். முகமெல்லாம் சிரிப்பு. ஆ செங் கை தட்டினார்.

நான் கட்டை வாங்கி அடி இலையைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் கிடைக்காத செடிக்கு அடி இலை ஓரம் பழுப்பேறும், கருகும். இது பொட்டாசியத்தை வயிறு நிறையத் தின்ற செடி. எங்கேயிருந்து தின்றது? எதில் விதை போட்டீர்கள் என்று கேட்டேன். எப்போதும் போல கோகோவில்தான், நன்றாக அலசித்தான் போட்டேன் என்றார். தண்ணீர் தெளிவாக வடியும் வரை அலசினாராம்.

அங்கேதான் விழுந்தோம். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கோகோவில் சத்து இல்லை என்று முதலில் எழுதினேன். வாடிக்கையாளரிடமும் அப்படித்தான் சொல்வோம். ஒன்று மட்டும் உண்டு. தேங்காய் மட்டைக்குள் பொட்டாசியம் இருக்கிறது. மற்ற பயிருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதனால் யாரும் பேசுவதும் இல்லை. தண்ணீர் விட்டு அலசினால் மேலே இருப்பது போகும். நாரோடு ஒட்டியிருப்பது போகாது. கால்சியம் வந்து தள்ளினால்தான் அது கழன்று வரும். ஏ பை முழுக்கக் கால்சியம். நான் எடுத்துவிட்டதை ஒவ்வொரு நாளும் என் உரமே நாரிலிருந்து கழற்றிச் செடிக்கு ஊட்டியிருக்கிறது.

ஷா ஆலமில் இலை பரிசோதிக்கிற லேப் ஒன்று உண்டு. அனுப்பினோம். ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னார்கள்: பாசார் கீரைக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. ஸ்டெல்லா கடையில்தான் இருந்தார். சொன்னேன். அப்போதுதான் வீட்டு விஷயம் வெளியே வந்தது. வீட்டில் மிச்சக் கீரை நின்றிருக்கிறது, கணவர் நச்சரித்திருக்கிறார், கொஞ்சம் போல வதக்கினால் என்ன என்று முந்தின நாள் இவருக்கும் தோன்றியிருக்கிறது.

"சட்டியை அடுப்புல வச்சிட்டேன் அண்ணே. கேஸ் தீந்துபோச்சு. அதான் சமைக்கலை."

தொட்டி

இரண்டாவது முறை ஸ்டெல்லா வீட்டுக்கு நானே போனேன். ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஓட்டை போட்ட மூடி, மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற பம்ப். கோகோ கிடையாது, நார் கிடையாது. வேர் நேராகத் தண்ணீரில். தண்ணீரில் என்ன இருக்கிறதோ அதுதான் செடிக்கு. ஒளித்து வைக்க அதற்கு இடமில்லை.

பெர்னார்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். பால்கனி ஓரத்தில் நாற்காலி. கீழே தண்டவாளம். இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பைச் சேர்த்த இடம் கயிறு முறுக்கின மாதிரி புடைத்திருந்தது. வாங்க என்றார். நான் குனிந்து குழாயை மாட்டி, பம்ப்பைத் தட்டிவிட்டேன். தண்ணீர் குமிழ் விட்டு இரைந்தது. பழைய தண்ணீரை எப்போது இறைப்பது, பொட்டாசியம் இல்லாத தண்ணீரை எப்போது ஊற்றுவது என்று ஸ்டெல்லாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெர்னார்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். தொட்டி, குழாய், பம்ப், மாற்று நீர். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எனக்குப் பண்றது பத்தாதுன்னு, இப்ப கீரைக்கும் டயாலிசிஸா?"

கருகின ஓரம்

இலை கருகினால் வாடிக்கையாளர் அதைக் கிள்ளிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வீசுவார். உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். உடைந்த பிளக்கோ, சாயம் போன துணியோ. இந்த முறை ஸ்டெல்லா கொண்டு வந்த கீரை அப்படித்தான் இருந்தது. அடி இலை ஓரமெல்லாம் பழுப்பு. நோஞ்சான் தண்டு. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கெட்டுப்போன இலையைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பொட்டாசியம் பாசார் கீரையில் இருப்பதில் பாதிக்கும் கீழே என்று லேப்பில் சொன்னார்கள். நானும் ஸ்டெல்லாவும் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போனோம். டயட்டீஷியன் சின்ன வயசுப் பெண். நான் லேப் சொன்ன எண்ணைச் சொன்னதும், அது காய்ந்த இலைக்கா, பச்சை இலைக்கா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அங்கேயே லேப்புக்குப் போன் போட்டுக் கேட்டாள். காய்ந்த இலைக்காம். தானே திரும்பக் கணக்குப் போட்டாள். பெர்னார்டின் இரத்தப் பரிசோதனையை எடுத்து வைத்துப் பார்த்தாள். டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.

குறைவுதான், இல்லாமல் இல்லை என்றாள். ஒரு பிடி. அதுவும் அவள் சொல்கிற நாளில். அப்படியும் அவித்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அடுத்த பரிசோதனையில் ஏறியிருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். வேறு யாரும் இதைப் பார்த்துத் தாங்களாகச் செய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். நான் எழுந்தபோது இன்னொன்று கேட்டாள்.

"கீரைக்கு நீங்க கேரண்டி, சரி. அவரு கைக்கு யாரு கேரண்டி அங்கிள்?"

ஒரு பிடி

எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நானும் ஆ செங்கும் போனோம். பகல் வெளிச்சம் மேஜை மேல் விழுந்தது. கீரையை அவித்துக் கொட்டி, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளித்திருந்தார். தேங்காய் இல்லை, பருப்பு இல்லை. பெர்னார்ட் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டெல்லா அவருடைய கையைப் பிடித்து, அந்தக் கை அளவுக்கே ஒரு பிடி எடுத்துத் தட்டில் வைத்தார். மிச்சக் கீரையோடு சட்டியை மேஜை மேலேயே விட்டுவிட்டார். உள்ளே கொண்டு போய் வையுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆ செங் காலை மிதித்தார்.

பெர்னார்ட் மெதுவாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் கீரை. கீழே ஒரு ரயில் போயிற்று. அது போகும் வரை மெல்லாமல் இருந்தார். பிறகு மறுபடி மென்றார். தட்டு காலியானது. விரலால் தட்டின் ஓரத்தை வழித்தார். அப்புறம் கை சட்டிக்குப் போயிற்று. நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் தடுக்கவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. கண் மட்டும் அந்தக் கை மேல். டயட்டீஷியன் கேட்ட கேள்விக்கு மேஜை மேல் பதில் வரப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பெர்னார்ட் சட்டியை இழுத்தார். கரண்டியை எடுத்தார். எல்லாவற்றையும் வழித்து மனைவியின் தட்டில் போட்டார். சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தின்னு. நான் விழுந்ததுலேர்ந்து நீயும் கீரையைத் தொடலை. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே சாப்பிட்டார். ஆ செங் எழுந்து பால்கனிக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை ரிப்பேர் பார்த்தார்.

வாசலில் ஒருவர்

அடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏறவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கீரை தொடர்கிறது, அந்தப் பெண் சொல்கிற நாளில், ஒரு பிடி. கீழே சாப்பாட்டுக் கடைக்கு அவர் போவதில்லை என்று ஸ்டெல்லா சொன்னார். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், கெட்ட சிறுநீரகம் கீரையால் நல்லதாகாது.

போன வாரம் கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வாசலில் பெர்னார்ட். கமியூட்டர் என்கிற உள்ளூர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்திருக்கிறார். ஸ்டேஷனிலிருந்து நடை. சட்டையெல்லாம் வியர்வை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. ஒரு பையைத் திறந்து கீரைத் தண்டு ஒன்றை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"என்னா உரம் கலக்குறீங்க நீங்க? தண்டு ஈர்க்குச்சி மாதிரி இருக்கு லா! காசு வாங்குறவன் ஒழுங்கா செய்ய வேணாமா?"

குறை சொல்வதற்காக ஆள் தன் சொந்தக் காலில் நடந்து வருகிற வரைக்கும், இந்தத் தொழில் பரவாயில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.